காலாவதியான புத்தகங்களுக்கு ஓர் அலமாரி

என்னிடமுள்ள புத்தகங்களில் நான் அதிகம் புரட்டியது எது என்று யாராவது கேட்டால், பெயரே தெரியாத ஒன்றைத்தான் எடுத்து நீட்டுவேன். அதற்கு அட்டை இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. முகவுரையின் கடைசிப் பக்கத்தில் தொடங்கி, நாயக்கர் ஆட்சியைப் பற்றிய அதிகாரத்தில் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுகிறது. தமிழில் எழுதப்பட்ட ஓர் இந்திய வரலாறு. ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் வினாக்கள் இருப்பதால், பள்ளிப் பிள்ளைகளுக்காக எழுதியதாக இருக்க வேண்டும். பழைய புத்தகக் குவியல் ஒன்றின் அடியில், தையல் பிரிந்து, சணலால் கட்டப்பட்டுக் கிடந்தது. அப்போது நான் இளங்கலை வரலாறு முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். முகவுரையின் அடியில் இருந்த ஒரு வரிக்காகத்தான் அதை எடுத்தேன்: தாரண வருஷம், தை மாதம்.

ஆண்டு எண் இல்லை. அறுபது ஆண்டுச் சுழற்சியில் தாரண பதினெட்டாவது. தை என்றால் ஆங்கில ஆண்டின் தொடக்கம். ஆகவே 1885, 1945, 2005 ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அகச்சான்று, புறச்சான்று என்ற சொற்களை வகுப்பில் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைச் செய்து பார்த்தது அந்த இரவில்தான்.

2005 உடனே கழிந்தது. எழுத்துகளைப் பார்த்தாலே போதும்: யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய லை, னை, சுழித்துக் கட்டிய பழைய றா, ணா. பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்ற பிறகு பாடப் புத்தகங்களிலிருந்து இந்த வடிவங்கள் மறைந்தன. அவருடைய வெளியீடுகளில் 1935-இலேயே புது எழுத்து வந்துவிட்டது. ஆனால் மற்ற அச்சகங்கள் பழைய வடிவங்களையே நெடுநாள் பிடித்துக்கொண்டிருந்தன. எனவே பழைய எழுத்து இருப்பதைக் கொண்டு 1885-ஐயும் 1945-ஐயும் பிரிக்க வழியில்லை. காகிதம் பழுப்பாக, சொரசொரப்பாக, மறுபக்க எழுத்து தெரியும் அளவுக்கு மெலிதாக இருந்தது. போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டை நினைத்துக்கொண்டேன். ஆனால் காகிதத்தை மட்டும் நம்பி முடிவு சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

முடிவு பதினோராம் பக்கத்தில் கிடைத்தது. அங்கே மொஹஞ்சதாரோ என்ற பெயர் இருந்தது. சிந்துவெளியில் ஒரு பழம்பெரும் நாகரிகம் புதைந்திருக்கிறது என்று ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்தது 1924 செப்டம்பரில். 1885-இல் தமிழ்ப் பாடநூல் எழுதிய யாருக்கும் அந்தப் பெயர் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆகவே 1945 ஜனவரி அல்லது பிப்ரவரி. உலகப் போர் முடியவில்லை. நாடு விடுதலை பெறவில்லை.

அந்த வரியை மறுபடியும் படித்தபோதுதான் ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தைக் கவனித்தேன். அச்சில் இருந்த வாக்கியம், மொஹஞ்சதாரோ நமது நாட்டின் சிந்து மாகாணத்தில் உள்ளது என்று சொன்னது. "நமது நாட்டின்" என்பதன் கீழே மெல்லிய கோடு. பக்கத்தில், சற்றே சாய்ந்த சிறிய கையெழுத்தில்: இப்போது பாகிஸ்தானில் உள்ளது.

அந்த நான்கைந்து அங்குலத்தில் மூன்று காலங்கள் அடுத்தடுத்து இருந்தன. நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நகரம். அதைத் தன் நாட்டில் இருப்பதாக எழுதிய ஓர் ஆசிரியர். இரண்டே ஆண்டுகளில் பிழையாகிவிட்ட அந்த வாக்கியத்தை, 1947-க்குப் பிறகு எப்போதோ திருத்திய முகம் தெரியாத ஒரு வாசகர். பிரிவினையைப் பற்றி நான் அதற்கு முன்பும் படித்திருந்தேன். ஆனால் ஒரு பள்ளிப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் நாடு திருத்தப்படுவதை அன்றுதான் பார்த்தேன். தூக்கம் வரவில்லை. புத்தகம் சேர்க்கும் ஆசை எனக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்கியது.

வரலாறு படிக்கிறவர்கள் புத்தகம் சேர்ப்பதற்கும் மற்றவர்கள் சேர்ப்பதற்கும் ஒரு வேறுபாடு உண்டென்று நினைக்கிறேன். இயற்பியல் மாணவர் புதிய பதிப்பு வந்ததும் பழையதைக் கொடுத்துவிடலாம். அவருக்கு நட்டம் இல்லை. எனக்கு அது முடியாது. நான் படிக்கும் துறையில் பழைய புத்தகமும் ஒரு சான்று. அது சொல்லும் செய்தி தவறாகிப்போனாலும், ஒரு காலத்தில் அப்படி நம்பினார்கள் என்பது தவறாகாது. அதனால் என் அறையில் ஒரு தட்டு முழுவதும் காலாவதியான புத்தகங்கள் நிற்கின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் "இதையெல்லாம் ஏன் வைத்திருக்கிறாய்?" என்று கேட்கும் தட்டு அதுதான். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

அசோகரை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837-இல் படித்து முடித்தபோது, பாறைகளிலும் தூண்களிலும் கிடைத்தது "தேவானாம்பிய பியதசி" என்ற அரசன். அவன்தான் அசோகன் என்று இலங்கையின் பாலி நூல்களைக் கொண்டு ஜார்ஜ் டர்னர் இனங்காட்டினார். கல்வெட்டிலேயே அசோகன் என்ற பெயர் தெளிவாகக் கிடைத்தது 1915-இல், மஸ்கியில். அதாவது எழுபத்தெட்டு ஆண்டுகள், வரலாற்று நூல்கள் ஓர் அனுமானத்தின் மேல் நின்றுகொண்டிருந்தன. சரியான அனுமானம்தான். ஆனால் 1915-க்கு முந்தைய ஒரு புத்தகத்தில் அசோகரைப் பற்றிய பகுதியைப் படித்தால், ஆசிரியர் எவ்வளவு கவனமாகக் காலை ஊன்றுகிறார் என்பது தெரியும். இன்றைய புத்தகத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை. அதனால் அது காணாமல் போய்விடுகிறது. ஒரு முடிவு எப்படி எட்டப்பட்டது என்பதை அறிய, முடிவுக்கு முந்தைய புத்தகம் கையில் இருந்தாக வேண்டும்.

ஸ்ரீவிஜயத்தின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. சுமத்திராவை அடுத்த பங்கா தீவில் கிடைத்த கோத்தா கபூர் கல்வெட்டை 1913-இல் வெளியிட்ட கெர்ன் என்ற டச்சு அறிஞர், அதிலிருந்த ஸ்ரீவிஜய என்ற சொல்லை ஓர் அரசனின் பெயர் என்றே கொண்டார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1918-இல், ஜார்ஜ் செடஸ் அது ஒரு பேரரசின் பெயர் என்று காட்டினார். கடலோரம் பரவி, வணிக வழிகளைக் கையில் வைத்திருந்த ஒரு பேரரசு, ஒரு தனிமனிதனின் பெயருக்குள் ஒளிந்துகிடந்திருக்கிறது! முதலாம் ராஜேந்திரனின் 1025-ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்பு யார் மீது போனது என்ற கேள்விக்கே அதன் பிறகுதான் முழு உருவம் கிடைத்தது. 1918-க்கு முன் எழுதப்பட்ட ஒரு சோழர் வரலாறு கிடைத்தால் நான் முதலில் தேடும் பக்கம் கடாரத்தைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் இன்னும் பக்கத்துக் கதை. கரிகாலன் கட்டினான் என்று சொல்லும் தலபுராணம் இருந்தது. 1886-இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்த ஹுல்ஷ் அங்கிருந்த கல்வெட்டுகளைப் படித்துக் கட்டியவன் ராஜராஜன் என்று நிறுவினார். கல்லிலோ அது எப்போதும் எழுதியே இருந்தது, அதுவும் மன்னன் தன் வாயாலேயே சொல்வதுபோல: "நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்." அக்காள் கொடுத்ததைத் தான் கொடுத்ததற்கு அடுத்ததாகவே எழுதச் சொன்ன அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். இந்த வரிகளை நான் முதலில் படித்தது தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியின் மறுபதிப்பில். வரலாற்றுப் புத்தகங்களில் மேற்கோளாகப் பார்த்திருந்த ஒரு வாக்கியத்தை அதன் சொந்த இடத்தில், முன்னும் பின்னும் வரிகளோடு பார்ப்பது, புகைப்படத்தில் மட்டுமே அறிந்த ஒருவரை நேரில் சந்திப்பது போன்றது.

அடிக்குறிப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஒரு புத்தகத்தை வாங்குவதா வேண்டாமா என்பதை அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். பிறகு சொல்லடைவு. நல்ல சொல்லடைவு உள்ள புத்தகம், எழுதியவர் தன் வாசகரை மதித்தார் என்பதற்கு அடையாளம். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தவர். அவருடைய பதிப்புகளில் முகவுரையையும் குறிப்புகளையும் அரும்பத அகராதிகளையும் பாருங்கள். மின்விளக்கும் கணினியும் இல்லாத காலத்தில், ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்பதைக் கையால் தொகுத்திருக்கிறார்கள். புறநானூற்றின் நானூறு பாட்டில் 267-ம் 268-ம் கிடைக்கவில்லை. கிடைக்காத பாட்டின் எண்ணையும் இடம் விட்டுக் காட்டும் நேர்மைதான் பதிப்பு என்பதன் உயிர் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது மலிவாக வரும் பல மறுபதிப்புகளில் முதல் வேலையாக முகவுரையையும் அகராதியையும் வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. மாணவனுக்கு வேண்டிய பாதி அங்கேதான் இருக்கிறது.

அடிக்குறிப்பு ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் கொலை எனக்கு அப்படித்தான் வாய்த்தது. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கோயிலில், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. "பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்" என்று சிலரைப் பெயர் சொல்லி, அவர்களும் அவர்களின் உறவினரும் வைத்திருந்த உடைமைகளைக் கைக்கொள்ள ஆணையிடுகிறது. இதே கல்வெட்டைப் படித்த நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் அரசாண்ட உத்தம சோழனுக்குக் கொலையில் பங்கிருக்கலாம் என்று ஐயப்பட்டார். அதே கல்லைப் படித்த சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தம சோழனுக்குத் தொடர்பில்லை என்று வாதிட்டார். இருவருமே கல்வெட்டுகளில் தோய்ந்தவர்கள். சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935-இலும் 1937-இலும் இரண்டு பாகங்களாக வந்து, திருத்தங்களோடு 1955-இல் மறுபதிப்புக் கண்டது. பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தை அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். கொலை நடந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தட்டில் விசாரணை முடியவில்லை. ஒரு நூலை மட்டும் படித்திருந்தால் எனக்கு ஒரு தீர்ப்பு கிடைத்திருக்கும். இரண்டையும் படித்ததால், ஒரே சான்றிலிருந்து இருவேறு இடங்களுக்கு எப்படிப் போகிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

இதெல்லாம் ஆராய்ச்சி நூல்கள். மனம் சோர்ந்த நாளில் நான் எடுப்பது, புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736-இல் தொடங்கிய அந்தக் குறிப்புகளில் கப்பல் வந்தது, துணி விலை, யார் யாரிடம் என்ன பேசினார்கள், ஆளுநர் துய்ப்ளே துரை என்ன சொன்னார் என்று எல்லாம் வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத் தமிழ் அதில் அப்படியே காதில் விழும். நாட்குறிப்புப் படிப்பதில் ஒரு வேதனையும் உண்டு. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். பிரெஞ்சுக்காரர்கள் தோற்கப் போகிறார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழும். அதே மாதத்தில் அவரும் இறந்துபோவார். ஆனால் பக்கத்தில் அவர் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் நடந்ததை மறந்துவிட்டு, அவர் நிற்கும் நாளிலேயே நின்று படிக்க முயல்கிறேன். வரலாறு படிப்பதில் இதைவிடக் கடினமான பயிற்சி எனக்கு வேறெதுவும் வாய்த்ததில்லை.

எல்லாம்தான் இணையத்தில் ஸ்கேன் செய்து கிடைக்கிறதே என்று நண்பர்கள் கேட்பார்கள். கிடைக்கிறது, நானும் நாள்தோறும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். அந்தத் தொண்டைச் செய்கிறவர்களுக்கு என் போன்ற மாணவர்கள் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் மடித்து வைத்த வரைபடங்களைப் பாருங்கள். பழைய நூல்களின் கடைசியில் பெரிய வரைபடம் மடித்து ஒட்டியிருக்கும். ஸ்கேனில் பெரும்பாலும் அது மடித்தபடியே படமாகியிருக்கும். படையெடுப்பின் பாதி வழி தெரியும். மீதி மடிப்புக்குள் இருக்கும். காகிதப் பிரதியில் அதை விரித்து, கிழியாமல் ஓரங்களில் கனமான எதையாவது வைத்துவிட்டு, முழங்காலிட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் வீட்டில் சேரும் புத்தகம் அந்த வீட்டோடு முடிந்துவிடுவதும் இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். புத்தகங்களோடு நாடக நோட்டீசு, அழைப்பிதழ், சின்னஞ்சிறு பாட்டுப் புத்தகம் என்று மற்றவர்கள் எறிந்துவிடுவதையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின், அந்தச் சேகரிப்பே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகத்தின் அடித்தளமாயிற்று. மறுபுறம், 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த எண்ணை நான் எப்போதும் சட்டென்று கடந்து போக முடிந்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறெங்காவது, யாரோ ஒருவர் வீட்டில், இன்னொரு பிரதி இருந்ததா என்று மனம் எண்ணத் தொடங்கிவிடும். இருந்தவை பிழைத்தன. ஒரே பிரதியாக இருந்தவை போய்விட்டன.

நெருப்பு இல்லாவிட்டாலும் பகைகள் உண்டு. ராமபாணப் பூச்சி என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். ஏட்டுச்சுவடியோ புத்தகமோ, முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கத்தில் வெளியேறும் நேர்த்துளையைக் கண்டவர்களுக்கு, ஏழு மராமரங்களைத் துளைத்துச் சென்ற அம்பு நினைவுக்கு வந்திருக்கும் போலும். என்னிடமுள்ள ஒரு கல்வெட்டுத் தொகுதியில் அப்படி ஒரு துளை, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே இடத்தில், ஒரே எழுத்தளவு இருக்கிறது. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, பக்கங்களை விசிறிக் காற்றாட வைக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஆகும். அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பூச்சியை விடப் பெரிய இழப்பு ஒன்று என் கையாலேயே நேர்ந்தது. அட்டையில்லாத அந்தப் புத்தகத்தின் தாள்கள் உதிரத் தொடங்கியதால் பைண்டிங்குக்குக் கொடுத்தேன். நன்றாகத் தைத்து, கெட்டி அட்டை போட்டு, முதுகில் பச்சைத் துணி ஒட்டித் தந்தார் அந்தப் பெரியவர். புத்தகம் ஒரு சீராக இருக்க வேண்டும் என்று மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டியிருந்தார். அவர் மீது குறையில்லை; பைண்டிங் என்றால் வழக்கமாக அப்படித்தான். ஓரம் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். வீட்டுக்கு வந்து பதினோராம் பக்கத்தைத் திறந்தேன். சாய்ந்த கையெழுத்தில், "இப்போது பாகி" என்பதோடு நின்றிருந்தது. மீதி எழுத்துகள் எங்கோ ஒரு குப்பைக் கூடையில், அரை அங்குலக் காகிதச் சீவலாகக் கிடந்திருக்கும்.

வெகு நேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புறநானூற்றில் கிடைக்காத பாட்டின் எண்களை அன்றுதான் முதன்முதலாக உடம்பால் உணர்ந்தேன். பிறகு ஒரு தனித்தாளில், அந்தக் குறிப்பு முழுவதும் எப்படி இருந்தது, எந்த எழுத்து வரை வெட்டுப்பட்டது, நான் அதை வெட்டுக்கு முன் எத்தனை முறை பார்த்திருந்தேன் என்பதை எழுதி, தேதியிட்டு, பின்னட்டையின் உள்ளே செருகினேன். நாளைக்கு இந்தப் புத்தகம் வேறொருவர் கைக்குப் போனால், என் சொல்லை எவ்வளவு நம்பலாம் என்று அவர் தாமே முடிவு செய்துகொள்ளட்டும்.

அதே புத்தகத்தில் சங்க காலத்தைப் பற்றிய அதிகாரம் மிகச் சிறியது, நாலே பக்கம். தமிழர் எழுத்தறிந்த காலத்தை ஒரே வரியில் சொல்லிவிட்டு ஆசிரியர் மூவேந்தர்களிடம் போய்விடுகிறார். 1945-இல் அவர் கையில் அவ்வளவுதான் இருந்தது. அந்த வரிக்கு எதிரே என்ன எழுதலாம் என்று பல நாள் யோசித்திருந்தேன். கடைசியில் ஒரு மாலையில் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். கீழடி அகழாய்வு குறித்துத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கையையும், அது காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு போவதையும் இரண்டு வரியில் எழுதினேன். அடியில் தேதி போட்டேன். தமிழ் ஆண்டின் பெயரோடு நான்கு இலக்க ஆண்டு எண்ணையும் சேர்த்தேன். எழுத்து முழுவதையும், ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி எழுதினேன்.